வேறு மாநிலத்தில் இருக்கும் பரம்பரை எண்ணெய், எரிவாயு உரிமையை விற்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

என் மாமியாரின் அப்பா அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் கிரேடி கவுண்டியில் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி) விவசாயம் பார்த்தவர். 160 ஏக்கர் நிலம். வயதான காலத்தில் அதை விற்றபோது, நிலத்துக்கு அடியில் இருக்கும் எண்ணெய், எரிவாயு உரிமையில் பாதியைத் தன் பேரிலேயே நிறுத்திக்கொண்டு, மீதியைத்தான் எழுதிக் கொடுத்தார். அவர் காலத்துக்குப் பிறகு அந்தப் பாதி நாலு பிள்ளைகளுக்கு வந்தது. அதில் ஒருவர் இறந்து, அவர் பங்கு அவருடைய இரண்டு பிள்ளைகளுக்குப் போனது. இன்று ஒருவர்கூட ஓக்லஹோமாவில் இல்லை. நாங்கள் இருப்பது நியூஜெர்சியில்.

ஒரு நாள் என் கணவரின் தாய்மாமாவுக்கு ஒரு கடிதம் வந்தது. கூடவே ஒரு காசோலை மாதிரியான தாள், கையெழுத்துப் போட வேண்டிய ஒரு பத்திரம். குத்தகைதானே என்று நினைத்து, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அது குத்தகை இல்லை, முழு விற்பனைப் பத்திரம். அந்தக் கவுண்டியில் அவருக்கு இருந்த எல்லாமே ஒரே தாளில் போய்விட்டது. அதற்கு அப்புறம்தான் மாமியாரின் பங்குக்கான காகிதங்களை நான் கையில் எடுத்தேன். அந்த வேலையில் தெரிந்துகொண்டதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். இந்த வரிசை முக்கியம். விலை பேசுவது எட்டாவது படிதான். பெரும்பாலானவர்கள் அதில்தான் தொடங்குகிறார்கள், ஏமாறுவதும் அங்கேதான்.

முதலில்: கையில் இருப்பது என்ன?

இந்தியாவில் பட்டா நம் பேரில் இருந்தாலும் அடியில் எண்ணெய் கிடைத்தால் அது அரசாங்கத்துக்கு. அமெரிக்காவில் அப்படி இல்லை. தனியார் நிலத்தில் மேல்மண் ஒருவருக்கும் அடியில் இருக்கும் கனிமம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். மேல்மண்ணை விற்கும்போது கனிமத்தைப் பிரித்து நிறுத்திக்கொள்வது அங்கே சாதாரண விஷயம். பிரித்துவிட்டால் அதுவே தனி அசையாச் சொத்து. தனியாக விற்கலாம், உயில் எழுதலாம், குத்தகைக்கு விடலாம்.

அதிலும் வகை உண்டு. முழுக் கனிம உரிமை என்றால் எண்ணெய் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடும் அதிகாரம், குத்தகைக்குக் கையெழுத்திடும்போது கிடைக்கும் போனஸ், எண்ணெய் வந்தால் விற்ற பணத்தில் ஒரு பங்காகிய ராயல்டி, மூன்றும் உங்களுக்கு. ராயல்டி உரிமை மட்டும் என்றால் பணத்தில் பங்கு உண்டு, குத்தகை பேசும் அதிகாரம் இருக்காது. ஓவர்ரைடிங் ராயல்டி என்பது ஒரு குத்தகையோடு ஒட்டிப் பிறந்தது. அந்தக் குத்தகை முடிந்தால் அதுவும் முடிந்துவிடும். ஒர்க்கிங் இன்டரஸ்ட் முற்றிலும் வேறு. அதில் கிணறு தோண்டும் செலவிலும், பிற்காலத்தில் கிணற்றை அடைக்கும் செலவிலும் உங்களுக்குப் பங்கு உண்டு. பரம்பரைச் சொத்தில் ஒர்க்கிங் இன்டரஸ்ட் என்ற சொல் கண்ணில் பட்டால், வேறு எதையும் பார்ப்பதற்கு முன் அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அது சொத்தாகவும் இருக்கலாம், கடனாகவும் இருக்கலாம்.

படி 1: வீட்டில் இருக்கும் காகிதங்களைத் திரட்டுங்கள்

பழைய பெட்டி, வங்கி லாக்கர், வருமான வரிக் கோப்பு, எல்லாவற்றையும் கொட்டிப் பாருங்கள். மூலப் பத்திரம், பழைய குத்தகைகள், ராயல்டி காசோலையோடு வரும் விவரத் தாள், டிவிஷன் ஆர்டர் (கிணற்று வருமானத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று நிறுவனம் எழுதி அனுப்பும் தாள்), 1099 வரிப் படிவம், கவுண்டியிலிருந்து வந்த சொத்து வரி நோட்டீஸ் என எது கிடைத்தாலும் ஒரு துப்புதான். டெக்சாஸில் எண்ணெய் வரும் கனிமத்துக்குக் கவுண்டி சொத்து வரி போடும், அதனால் அந்த நோட்டீஸே நல்ல ஆதாரம். ஓக்லஹோமாவில் கனிமத்துக்கு அப்படிச் சொத்து வரி கிடையாது, உற்பத்தியின் மீதுதான் வரி. ஆகவே அங்கே அந்தத் துப்பைத் தேட வேண்டாம்.

காசோலை விவரத் தாள்தான் இருப்பதிலேயே பயனுள்ள காகிதம். கிணற்றின் பெயர், கவுண்டி, உங்கள் உரிமையாளர் எண், எத்தனை பீப்பாய், என்ன விலை, என்ன கழிவு, எல்லாம் அதில் இருக்கும். கூடவே நீளமாக ஒரு தசம எண். அது பற்றிக் கீழே வருகிறேன், அதைப் புரிந்துகொள்ளாமல் விற்கக் கூடாது.

பல வருடம் காசோலையே வரவில்லை என்றாலும் சோர்ந்துபோக வேண்டாம். முகவரி மாறி, வாரிசு யாரென்று தெரியாமல், நிறுவனம் பணத்தை நிறுத்தி வைத்திருக்கலாம். நீண்ட காலம் கேட்பார் இல்லாத பணம் மாநில அரசிடம் போய்ச் சேரும். டெக்சாஸில் கனிம வருமானம் மூன்று வருடம் கேட்பாரற்றுக் கிடந்தால் மாநிலக் கணக்கு அதிகாரியிடம் போகும். ஓக்லஹோமாவில் மாநிலக் கருவூலத்தில் தேட வேண்டும். அதோடு, கண்டுபிடிக்க முடியாத உரிமையாளர்களின் போனஸ், ராயல்டியை வைத்திருக்க, அங்கே எண்ணெய், எரிவாயுவைக் கண்காணிக்கும் ஓக்லஹோமா கார்ப்பரேஷன் கமிஷனில் தனிக் கணக்கே உண்டு. இந்தத் தேடல்கள் எல்லாமே இலவசம். "உங்கள் பணத்தைக் கண்டுபிடித்துத் தருகிறோம், சதவீதம் கொடுங்கள்" என்று வருபவர்கள் பார்ப்பதும் இதே பொதுப் பட்டியல்தான். இறந்தவரின் பெயரை எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். பாட்டியின் பெயரை அந்தக் காலத்தில் கணவர் பெயரோடு "மிசஸ்" போட்டு எழுதியிருப்பார்கள், அப்படியும் தேடுங்கள்.

படி 2: கவுண்டி ஆவணங்களில் சங்கிலியைத் தொடருங்கள்

நம் ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போலத்தான் இது. ஓக்லஹோமாவிலும் டெக்சாஸிலும் பத்திரங்கள் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவாகும். நார்த் டகோட்டாவில் கவுண்டி ரெக்கார்டர், பென்சில்வேனியாவில் ரெக்கார்டர் ஆஃப் டீட்ஸ். பல கவுண்டிகளின் ஆவணங்களை இணையத்தில் பார்க்கலாம், பக்கத்துக்குச் சிறிய கட்டணம் இருக்கும்.

ஓக்லஹோமா நிலத்தைச் சதுரக் கட்டங்களாக அளந்திருக்கிறார்கள். டவுன்ஷிப், ரேஞ்ச், செக்ஷன் என்று மூன்று எண்கள் உங்கள் நிலத்தின் இடத்தைச் சொல்லிவிடும். ஒரு செக்ஷன் 640 ஏக்கர். அதில் கால் பகுதி 160 ஏக்கர். "தென்மேற்குக் கால்" என்று பத்திரத்தில் இருந்தால் அந்தச் செக்ஷனின் தென்மேற்கு மூலை 160 ஏக்கர் என்று அர்த்தம். டெக்சாஸில் இந்த முறை இல்லை. அங்கே சர்வே பெயர், அப்ஸ்ட்ராக்ட் எண் என்று போகும், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

தேட வேண்டியது இரண்டு. தாத்தா எந்தப் பத்திரத்தில் எவ்வளவு நிறுத்திக்கொண்டார் என்பது ஒன்று. அதற்குப் பிறகு குடும்பத்தில் யாராவது எதையாவது விற்றார்களா, குத்தகைக்கு விட்டார்களா என்பது மற்றொன்று. தாத்தாவே ஒரு பகுதியை விற்றிருக்கலாம், பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் குடும்பத்தில் "நமக்கு 160 ஏக்கர்" என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கணக்குப் போட்டால், 160 ஏக்கரில் பாதி 80. நாலு பிள்ளைகளுக்கு ஆளுக்கு 20. மாமியாருக்கு இருப்பது 20 நெட் மினரல் ஏக்கர், அதாவது அவர் பங்குக்கு மட்டும் உரிய கனிம ஏக்கர். இறந்துபோன பெரியம்மாவின் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 10.

சங்கிலி சிக்கலாக இருந்தால் லேண்ட்மேன் ஒருவரை நாள்கூலிக்கு வைத்துக்கொள்ளலாம். கவுண்டி ஆவணங்களைப் புரட்டி உரிமைத் தொடரை எழுதித் தருவதுதான் அவர்களின் தொழில். வாங்க வருகிற நிறுவனம் "நாங்களே இலவசமாகப் பார்த்துச் சொல்கிறோம்" என்றால், சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பி நிற்கக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில மாநிலங்களில் கனிம உரிமையைப் பயன்படுத்தாமல் விட்டால் அது கைவிட்டுப் போகும். நார்த் டகோட்டா, ஓஹையோ, இந்தியானா ஆகியவற்றில் 20 வருடக் கணக்கு இருக்கிறது. இந்தியானாவின் சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1982ல் தீர்ப்பளித்தது. லூசியானாவில் 10 வருடம் பயன்படுத்தாமல் இருந்தால் உரிமை மேல்நிலக்காரரிடம் திரும்பிவிடும். டெக்சாஸில் இப்படிப் பொதுவான காலாவதிச் சட்டம் இல்லை. உங்கள் சொத்து காலாவதி உள்ள மாநிலத்தில் இருந்தால், விற்பதைப் பற்றி யோசிப்பதற்கு முன்னாலேயே உரிமையைத் தக்கவைக்கும் பதிவை அந்த மாநில வழக்கறிஞர் மூலம் செய்துவிடுங்கள்.

படி 3: உரிமையை உங்கள் பேருக்குக் கொண்டுவாருங்கள்

வேறு மாநிலத்தில் வாழ்பவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். அம்மா நியூஜெர்சியில் இறந்தார், உயிலை நியூஜெர்சியில் புரோபேட் (சொத்து யாருக்குப் போகிறது என்று நீதிமன்றம் உறுதி செய்வது) செய்தாகிவிட்டது, அவ்வளவுதானே என்று தோன்றும். கனிமம் அசையாச் சொத்து. அசையாச் சொத்து எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலச் சட்டம்தான் அதை ஆளும். நியூஜெர்சி நீதிமன்ற உத்தரவு ஓக்லஹோமா மண்ணுக்கு அடியில் தானாகச் செல்லாது. அங்கே துணைப் புரோபேட் ஒன்று நடத்த வேண்டும்.

கேட்கும்போது பயமாக இருக்கும், ஆனால் குறுக்கு வழிகளைச் சட்டமே கொடுத்திருக்கிறது. ஓக்லஹோமாவில் சுருக்கமான நிர்வாக முறை ஒன்று உண்டு. சொத்து 2,00,000 டாலருக்குள் இருந்தாலோ, இறந்து ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, இறந்தவர் வேறு மாநிலத்துக்காரராக இருந்தாலோ அதைக் கேட்கலாம். நம் மாதிரிக் குடும்பங்கள் பெரும்பாலும் இதில் ஏதோ ஒன்றில் அடங்கிவிடும். டெக்சாஸில் உயில் இருந்து, கடன் இல்லாவிட்டால், முனிமென்ட் ஆஃப் டைட்டில் என்ற எளிய முறை உண்டு. ஆனால் டெக்சாஸில் இறந்த நாலு வருடத்துக்குள் உயிலை நீதிமன்றத்தில் வைப்பதுதான் பொது விதி என்பதை மறக்க வேண்டாம்.

அதைவிட எளிது வாரிசு உறுதிமொழி. அஃபிடவிட் ஆஃப் ஏர்ஷிப் என்பார்கள். இறந்தவர் யார், எத்தனை திருமணம், எத்தனை பிள்ளைகள், யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று எழுதி, சத்தியம் செய்து, கவுண்டியில் பதிவு செய்வது. டெக்சாஸில் சொத்தில் பங்கில்லாத இரண்டு பேர் சாட்சி சொல்வது வழக்கம். ஓக்லஹோமாவில் பிரித்தெடுத்த கனிமத்துக்கென்றே ஓர் உறுதிமொழிப் படிவம் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது பதிவாகிப் பத்து வருடம் ஆன பிறகுதான் சந்தையில் ஏற்கத்தக்க உரிமையாக முதிர்கிறது. ராயல்டி அனுப்பும் நிறுவனம் இந்த உறுதிமொழியை ஏற்றுக்கொண்டு காசோலை அனுப்பலாம். வாங்க வருபவர் அதற்குச் சம்மதிக்காமல் புரோபேட் கேட்கலாம், இல்லையென்றால் விலையைக் குறைக்கலாம். ஆகவே நீங்கள் வைத்துக்கொள்ளப் போகிறீர்களா, விற்கப் போகிறீர்களா என்பதைப் பொறுத்துத்தான் எந்த வழி என்பதை முடிவு செய்ய வேண்டும். விற்பதாக இருந்தால் புரோபேட் செலவு பெரும்பாலும் விலையிலேயே திரும்பி வரும் என்பது என் கருத்து. பங்கு மிகச் சிறியதாக இருந்தால் மட்டும் உறுதிமொழியோடு நின்றுகொள்ளலாம்.

உடன்பிறந்தவர்களையும் இந்தப் படியில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே பாட்டியின் மரணத்துக்கு நாலு பேர் நாலு வழக்கறிஞர்களுக்குப் பணம் கட்டுவது வீண். ஒரே புரோபேட் எல்லோர் பங்கையும் தெளிவாக்கிவிடும்.

படி 4: நிறுத்தி வைத்த பணத்தை முதலில் வாங்குங்கள்

உரிமை உங்கள் பேருக்கு வந்ததும், கிணற்றை நடத்தும் நிறுவனத்தின் உரிமையாளர் பிரிவுக்கு எழுதுங்கள். புரோபேட் உத்தரவின் நகல், உங்கள் முகவரி, வரி எண் படிவம், மூன்றும் போதும். அவர்கள் டிவிஷன் ஆர்டர் அனுப்புவார்கள். அதில் உள்ள தசம எண்ணைச் சரிபார்த்த பிறகுதான் கையெழுத்து.

அந்தக் கணக்கு இதுதான். உங்கள் நெட் மினரல் ஏக்கரை, யூனிட்டின் (ஒரு கிணற்றுக்கென்று ஒன்றாகச் சேர்த்த நிலப்பரப்பு) மொத்த ஏக்கரால் வகுத்து, குத்தகையில் உள்ள ராயல்டி விகிதத்தால் பெருக்க வேண்டும். மாமியாரின் 20 ஏக்கர், 640 ஏக்கர் யூனிட்டில், 3/16 ராயல்டியில் என்றால்: 20 ÷ 640 = 0.03125. அதை 0.1875ஆல் பெருக்கினால் 0.005859375. அந்தக் கிணற்றில் விற்கும் ஒவ்வொரு ஆயிரம் டாலர் எண்ணெய்க்கும், வரியும் கழிவும் போவதற்கு முன், 5 டாலர் 86 சென்ட் அவருடையது. டிவிஷன் ஆர்டரில் இதைவிடக் குறைவான எண் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். சில நேரம் காரணம் நியாயமாக இருக்கும், கிடைமட்டக் கிணறு இரண்டு செக்ஷன்களைத் தாண்டி ஓடினால் உங்கள் எண் பிரியும். சில நேரம் அவர்களின் கணக்கே தப்பாக இருக்கும்.

விற்பதற்கு முன் இந்த வேலையை முடிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிறுத்தி வைத்த பழைய ராயல்டி எவ்வளவு என்று தெரியாமல் விற்றால், பத்திரத்தின் ஒரு வரியில் அதுவும் சேர்ந்து போய்விடும். வாங்குபவருக்கு அந்தத் தொகை தெரிந்திருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஓக்லஹோமாவில் உரிமை தெளிவாக இருந்தும் தாமதமாக வந்த ராயல்டிக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி கேட்கச் சட்டம் இடம் தருகிறது.

படி 5: கடிதங்கள் ஏன் வருகின்றன என்று பாருங்கள்

புரோபேட் பதிவான சில வாரங்களில் கடிதங்கள் குவியத் தொடங்கும். கவுண்டிப் பதிவு பொது ஆவணம், புதுப் பெயர் வந்ததும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அது ஒரு காரணம். மற்றொன்று: உங்கள் செக்ஷனில் புதிதாகக் கிணறு தோண்ட யாரோ அனுமதி கேட்டிருக்கலாம். இரண்டு வருடம் ஒன்றுமில்லாமல் இருந்து, ஒரே மாதத்தில் ஐந்து கடிதம் வந்தால் அதுவே பெரிய செய்தி.

இதை நீங்களே பார்க்கலாம். ஓக்லஹோமாவில் கார்ப்பரேஷன் கமிஷனின் இணையதளத்தில் உங்கள் செக்ஷன் எண்ணைப் போட்டுக் கிணறுகள், அனுமதிகள், வழக்குகளைத் தேடலாம். டெக்சாஸில் இந்த வேலை ரயில்ரோட் கமிஷனிடம் இருக்கிறது. பெயரில் ரயில் இருந்தாலும் எண்ணெய், எரிவாயுவைக் கண்காணிப்பது அவர்கள்தான். அவர்களின் வரைபடத்தில் ஒவ்வொரு கிணறும் புள்ளியாகத் தெரியும். நார்த் டகோட்டாவில் மினரல் ரிசோர்சஸ் துறை. கொலராடோவில் எனர்ஜி அண்ட் கார்பன் மேனேஜ்மென்ட் கமிஷன், 2023 வரை வேறு பெயரில் இருந்தது.

ஓக்லஹோமாவில் ஒரு அவசரக் காகிதத்தைத் தனியாகக் கவனியுங்கள்: பூலிங் உத்தரவு. குத்தகை போடாத உரிமையாளர்களையும் யூனிட்டில் சேர்க்கச் சொல்லி நிறுவனம் கமிஷனிடம் உத்தரவு வாங்கும். அதில் போனஸ், ராயல்டி விகிதம் என்று இரண்டு மூன்று தெரிவுகள் இருக்கும். பதில் சொல்ல வழக்கமாக 20 நாள்தான். சொல்லாவிட்டால் உத்தரவில் எழுதியுள்ள ஏதோ ஒன்று உங்களுக்காக முடிவாகிவிடும். விற்பனைப் பேச்சு நடந்துகொண்டிருந்தாலும் இந்தத் தேதியைத் தவறவிடக் கூடாது.

படி 6: மதிப்பு போடுங்கள்

"மாத வருமானத்தை மூன்று முதல் ஆறு வருடத்துக்குப் பெருக்கு" என்று ஒரு வாய்க்கணக்கு உலவுகிறது. அதை நம்பி விற்காதீர்கள். இரண்டு பேருக்கு மாதம் 500 டாலர் வருகிறது என்று வையுங்கள். ஒருவருக்கு அது பல வருடம் ஓடி ஓய்ந்துகொண்டிருக்கும் பழைய செங்குத்துக் கிணற்றிலிருந்து. வருமானம் மெல்லத்தான் குறையும், ஆனால் அந்த இடத்தில் புதிதாக யாரும் தோண்டப்போவதில்லை. மற்றவருக்கு அது புது ஷேல் (எண்ணெய் அடைந்திருக்கும் இறுகிய பாறை) கிணறு ஒன்றிலிருந்து. முதல் வருடத்திலேயே பாதிக்கு மேல் குறைந்துவிடும், ஆனால் அதே செக்ஷனில் இன்னும் பல கிணறுகளுக்கு இடம் இருக்கிறது. ஒரே 500 டாலர், ஆனால் இரண்டும் இரண்டு சொத்து. ஷேல் கிணற்றில் முதல் சில மாதக் காசோலையை வைத்துக் கணக்குப் போட்டால் மதிப்பு மலைபோலத் தெரியும். வாங்குபவர் அந்தச் சரிவைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் விலை சொல்வார், நீங்களும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணெய் விலையும் சேர்த்துத்தான். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. இரண்டே வருடத்தில், 2022 ஜூனில், 120 டாலரைத் தாண்டியது. இந்த இரண்டு தேதிகளில் ஒரே 20 ஏக்கருக்கு வந்திருக்கக்கூடிய விலைகளை நினைத்துப் பாருங்கள். அவசரம் இல்லாதவருக்கு இந்தச் சந்தையில் பெரிய சாதகம் உண்டு.

மதிப்புக்கு மூன்று விஷயம் வேண்டும்: 12 மாதக் காசோலைத் தாள்கள், அருகிலுள்ள செக்ஷன்களில் நடக்கும் தோண்டல் விவரம், உங்கள் குத்தகையின் ராயல்டி விகிதம். பங்கு பெரிதாக இருந்தால் பெட்ரோலியப் பொறியாளர் ஒருவரிடம் காசு கொடுத்து மதிப்பீடு வாங்குங்கள். ராயல்டி உரிமையாளர்களுக்கென்று 1980ல் தொடங்கிய தேசியச் சங்கம் ஒன்று இருக்கிறது, நேரோ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அவர்களின் வகுப்புகள் நம் மாதிரி வெளியூர் உரிமையாளர்களுக்காகவே நடக்கின்றன.

படி 7: விற்பதா வேண்டாமா

குடும்பத்தில் யாருக்கும் இதைப் பார்த்துக்கொள்ள நேரமில்லை, வருடத்துக்கு இருநூறு டாலர் வருகிறது, அதற்காக இன்னொரு மாநிலத்தில் வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டியிருக்கிறது என்றால், விற்பது நல்ல முடிவு. அடுத்த தலைமுறையில் பங்கு இன்னும் துண்டாகி, ஒவ்வொரு துண்டுக்கும் புரோபேட் செலவு அதன் மதிப்பையே விழுங்கிவிடும் என்றால் அதுவும் நியாயமான காரணம். அனுமதி வாங்கி இன்னும் தோண்டாத கிணறு இருக்கும்போது, பயந்து விற்பது சரியில்லை.

முழுவதையும் விற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பாதியை விற்றுப் பாதியை வைத்துக்கொள்ளலாம். என் மாமியார் 20 ஏக்கரில் 10ஐ விற்றார். மீதி 10 பேரப்பிள்ளைகளுக்கு என்று வைத்துவிட்டார்.

படி 8: விலை கேளுங்கள்

ஒரே ஒருவரிடம் பேசினால் அவர் சொல்வதுதான் விலை. குறைந்தது நாலைந்து பேரிடம், ஒரே விவரத் தாளை அனுப்பி, ஒரே தேதிக்குள் எழுத்தில் விலை கேளுங்கள். இணைய ஏலமும் ஒரு வழி, அதில் தரகு உண்டு. பங்கு ஓரளவு பெரிதாக இருந்தால் போட்டி அந்தத் தரகை ஈடுகட்டிவிடும்.

விலைகளை ஒப்பிடும்போது அலகைப் பாருங்கள். ஒருவர் நெட் மினரல் ஏக்கருக்கு விலை சொல்வார். இன்னொருவர் நெட் ராயல்டி ஏக்கருக்குச் சொல்வார், அது 1/8 ராயல்டியை ஒன்றாக வைத்துப் போடும் கணக்கு. 3/16 ராயல்டியில் உள்ள 20 மினரல் ஏக்கர், 30 ராயல்டி ஏக்கருக்குச் சமம். ஆகவே ராயல்டி ஏக்கருக்கு 4,000 டாலர் என்பதும் மினரல் ஏக்கருக்கு 6,000 டாலர் என்பதும் ஒரே விலைதான். கடைசியில் "மொத்தமாக என் கைக்கு எவ்வளவு" என்று ஒரே தொகையாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

நிறைய பேர் தாங்களே வாங்குவதில்லை. உங்களோடு ஒப்பந்தம் போட்டு, 60 அல்லது 90 நாள் அவகாசம் வாங்கி, அதற்குள் வேறொருவருக்குக் கூடுதல் விலைக்குத் தள்ளிவிடுவார்கள். ஆள் கிடைக்காவிட்டால் "உரிமையில் குறை இருக்கிறது" என்று கடைசி வாரத்தில் விலையைக் குறைப்பார்கள். ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றலாம் என்ற வரி இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். அவகாசத்தை 30 நாளாகக் கேளுங்கள். சொந்தப் பணத்தில் வாங்குபவர் இதற்குப் பெரிதாக முகம் சுளிக்க மாட்டார்.

படி 9: பத்திரமும் பணமும்

இந்தக் கட்டத்தில் சொத்து இருக்கும் மாநிலத்தில் உரிமம் பெற்ற எண்ணெய், எரிவாயு வழக்கறிஞர் ஒருவர் பத்திரத்தைப் படிக்க வேண்டும். சில மணி நேரக் கட்டணம்தான். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பத்திரத்தில் பார்க்க வேண்டியவை. தலைப்பில் மினரல் டீட் என்று இருந்தால் அது விற்பனை, என்ன சொல்லி அனுப்பியிருந்தாலும் சரி. தபாலில் விற்பனைப் பத்திரத்தைக் குத்தகை மாதிரி அனுப்பி ஏமாற்றுவது அவ்வளவு நடந்ததால்தான், இது குத்தகை அல்ல, உங்கள் உரிமையை விற்கிறீர்கள் என்று கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும் என டெக்சாஸ் ஒரு சட்டமே கொண்டுவந்தது. அடுத்து, "இந்தக் கவுண்டியில் எனக்கு உள்ள மற்ற எல்லா உரிமைகளும்" என்ற வரி. தாய்மாமாவின் பத்திரத்தில் இருந்தது இதுதான். அதை அடித்துவிட்டு, செக்ஷன், கால் பகுதி, எத்தனை ஏக்கர் என்று மட்டும் எழுத வேண்டும். பாதியை வைத்துக்கொள்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அப்புறம், அமலுக்கு வரும் தேதி. அந்தத் தேதிக்கு முந்தைய உற்பத்திப் பணமும் நிறுத்தி வைத்த தொகையும் விற்பவருக்கே என்று ஒரு வரி சேருங்கள்.

உத்தரவாதம் பற்றியும் கேளுங்கள். பொது உத்தரவாதப் பத்திரம் கொடுத்தால், உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்துக் குறைக்கும் நீங்கள் பொறுப்பு. நீங்கள் வைத்திருந்த காலத்துக்கு மட்டும் பொறுப்பேற்கும் சிறப்பு உத்தரவாதமோ, நம் ஊர் விடுதலைப் பத்திரம் போன்ற குவிட்கிளைமோ கேட்டால் பரம்பரைச் சொத்துக்கு அது நியாயமான கோரிக்கை.

பணம் வருமுன் பத்திரம் கைவிட்டுப் போகக் கூடாது. பழைய பழக்கம் ஒன்று உண்டு: டிராஃப்ட் என்ற தாளைக் கொடுத்து, பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அந்தத் தாள் காசோலை மாதிரி இருக்கும், ஆனால் 30 வங்கி நாள் கழித்து, அவர்கள் சம்மதித்தால்தான் பணமாகும். அதற்குள் பத்திரம் பதிவாகிவிட்டால் நீங்கள் நிற்பது நடுத்தெருவில். டைட்டில் நிறுவனம் அல்லது வழக்கறிஞரின் எஸ்க்ரோ கணக்கில், அதாவது இரு தரப்புக்கும் பொதுவானவர் பொறுப்பில், பத்திரம், பணம் இரண்டையும் வையுங்கள். பணம் வங்கியில் சேர்ந்த பிறகுதான் பத்திரம் கவுண்டிக்குப் போக வேண்டும். நீங்கள் நேரில் போகத் தேவையில்லை, உங்கள் ஊர் நோட்டரி போதும். கணக்கு எண் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால் தொலைபேசியில் பேசி உறுதி செய்யாமல் நம்ப வேண்டாம்.

படி 10: வரி

பரம்பரைச் சொத்துக்கு ஒரு பெரிய சலுகை உண்டு. உங்கள் அடக்க விலை என்பது தாத்தா வாங்கிய விலை இல்லை; யாரிடமிருந்து உங்களுக்கு வந்ததோ அவர் இறந்த நாளில் இருந்த சந்தை மதிப்பு. அதற்கு மேல் கிடைத்த லாபத்துக்குத்தான் வரி, அதுவும் நீண்ட கால மூலதன ஆதாய விகிதத்தில். நீங்கள் இரண்டு மாதம்தான் வைத்திருந்தாலும் அது நீண்ட காலம்தான். ஆகவே இறந்த தேதிக்கான மதிப்பீட்டை இப்போதே எழுத்தில் வாங்கி வையுங்கள், பத்து வருடம் கழித்து அதைத் தேடுவது கடினம். இடையில் ராயல்டிக்கு டிப்ளீஷன் கழிவு (எண்ணெய் தீர்ந்துகொண்டே வருவதற்கான வரிக் கழிவு) எடுத்திருந்தால் அடக்க விலை அந்த அளவு குறையும்.

பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகள் பேருக்கு எழுதிக் கொடுத்தால் இந்தச் சலுகை கிடைக்காது. அவர்களின் பழைய அடக்க விலையே பிள்ளைகளுக்கும் வரும். புரோபேட்டைத் தவிர்க்க என்று இப்படிச் செய்பவர்கள் முதலில் கணக்கரிடம் பேசட்டும்.

மத்திய வரியோடு, சொத்து இருக்கும் மாநிலத்திலும் வெளியூர்வாசியாகக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். ஓக்லஹோமாவில் உண்டு. டெக்சாஸில் தனிநபர் வருமான வரியே இல்லை. சொத்து இருக்கும் மாநிலத்தில் கட்டிய வரிக்கு உங்கள் சொந்த மாநிலத்தில் வரவு கிடைக்கும். விற்ற பணத்தில் வேறு நிலமோ வாடகை வீடோ வாங்குவதாக இருந்தால், 1031 பரிமாற்றம் மூலம் வரியைத் தள்ளிப்போடலாம். 45 நாளில் சொத்தை அடையாளம் காட்டி, 180 நாளில் வாங்கி முடிக்க வேண்டும், பணம் உங்கள் கைக்கே வரக்கூடாது. ஆகவே இந்த ஏற்பாடு விற்பனைக்கு முன்பே தொடங்க வேண்டும்.

வாரிசுகளில் ஒருவர் அமெரிக்கக் குடிமகனாகவோ வரிவாசியாகவோ இல்லாமல் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்தால், வாங்குபவர் அவர் பங்கின் விற்பனை விலையில் பொதுவாக 15 சதவீதம் பிடித்து அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.க்குக் கட்ட வேண்டும். உண்மையான வரி அதைவிடக் குறைவாக இருந்தால் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். அவருக்கு அமெரிக்க வரி எண் தேவைப்படும். அது கிடைக்க நேரம் பிடிக்கும் என்பதால் விலை பேசத் தொடங்கும்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

பதிவுக்குப் பிறகு

பதிவான பத்திரத்தின் நகலைக் கவுண்டியிலிருந்து நீங்களே எடுத்துப் பாருங்கள், விற்ற ஏக்கர் அளவு மாறாமல் இருக்கிறதா என்று. ஓரிரு மாதம் பழைய பேரிலேயே காசோலை வரலாம். அமலுக்கு வந்த தேதிக்குப் பிந்தைய உற்பத்தி என்றால் அது வாங்கியவருடையது, திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வைத்துக்கொண்ட பங்கு இருந்தால் ஒரே ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்: கவுண்டி, செக்ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச், எத்தனை நெட் மினரல் ஏக்கர், குத்தகை யாரிடம், உரிமையாளர் எண், புரோபேட் வழக்கு எண், இறந்த தேதி மதிப்பு. மாமியார் அந்தத் தாளைத் தன் உயிலோடு சேர்த்து ஒரு நகலும், நாலு பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நகலும் கொடுத்திருக்கிறார். முகவரி மாறும்போதெல்லாம் கிணற்று நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் போடுகிறார்.